டீக்கடை பெஞ்சும் ஊர் வாயும்

இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டின் அரசியலை எழுதியவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களையே சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். ஒன்று மேடை, இன்னொன்று வெள்ளித்திரை. அண்ணாவின் அடுக்குமொழி, 1952இல் வெளிவந்த ‘பராசக்தி’யின் வசனம், எம்.ஜி.ஆரின் வாள்வீச்சு என்று அந்தப் பட்டியல் நீளும். இவற்றின் வலிமையை மறுப்பதற்கில்லை. ஆனால் இரண்டு இடங்களுக்கும் ஒரு பொதுக்குணம் உண்டு: ஒருவர் பேசுவார், ஆயிரம் பேர் கேட்பார்கள். கேட்பவர் கைதட்டலாம், விசிலடிக்கலாம், பாதியில் எழுந்து போகலாம். பதில் சொல்ல முடியாது. அப்படியானால் கேட்டதை ஏற்பதா தள்ளுவதா என்று அவர் எங்கே முடிவு செய்தார்? வாய்விட்டுச் சொல்லிப் பார்க்காமல், “அதெப்படி?” என்று எதிரே ஒருவர் மடக்காமல், எந்த அபிப்பிராயமும் கெட்டிப்படுவதில்லை. அந்த வேலை பெரும்பாலும் மறுநாள் காலையில், டீக்கடை பெஞ்சில் நடந்தது. அரசியல், சினிமா, கிரிக்கெட், படக்கதை, பிறகு டிவி என்று எதைப் பற்றியும் யாரும் கருத்துச் சொல்லக்கூடிய அந்த வழக்கத்தை வெட்டிப்பேச்சு என்று ஒதுக்கிவிட்டோம். அது சும்மா முளைத்ததல்ல. தேயிலை விற்றவர்கள், பத்திரிகை விற்றவர்கள், கடை வைத்தவர்கள் ஆகிய மூன்று தரப்பின் லாபக்கணக்கும் ஒன்றோடொன்று பொருந்தியதால் நிலைபெற்ற ஏற்பாடு அது. மேடையும் திரையும் தமிழர்களை மாற்றின என்ற கதையில் விடுபட்டுப்போன பாதி அந்தப் பெஞ்சில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதற்கு முதல் சாட்சி கடைச்சுவரிலேயே தொங்கியது. ‘இங்கு அரசியல் பேசக் கூடாது’ என்ற பலகை டீக்கடைகளிலும் சலூன்களிலும் ‘கடன் அன்பை முறிக்கும்’ பலகைக்குப் பக்கத்தில் இருக்கும். நடக்காத ஒன்றை யாரும் தடுப்பதில்லை. பலகை எழுதி மாட்டும் அளவுக்குப் பேச்சு நடந்திருக்கிறது என்பது வெளிப்படை. கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்தப் பலகையை மாட்டிய கடைக்காரர்தான் காலையில் தன் காசில் பேப்பர் வாங்கிப் போட்டவரும். பேச்சுக்கு விறகு போட்டவரே தண்ணீரையும் தெளித்தார். இதில் முரண்பாடு ஒன்றுமில்லை, இரண்டும் ஒரே கல்லாப்பெட்டியின் கணக்கு. பேப்பர் இருந்தால் ஆள் வருவான். வந்தவன் ஒரு டீயைக் குடித்துவிட்டு முக்கால் மணி நேரம் சட்டசபை நடத்தினால் அடுத்தவனுக்கு உட்கார இடமிருக்காது. கைகலப்பானால் கிளாஸ் உடையும், கட்சிக்காரர்களில் பாதிப் பேர் பகையாவார்கள். ஆகவே பேச்சு வேண்டும், அளவோடு வேண்டும். இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸ் 1675 டிசம்பரில் லண்டன் காப்பிக் கடைகளை மூடச் சொல்லி ஆணை பிறப்பித்து, எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களில் அதைத் திரும்பப் பெற்றார். அரசாணையாலேயே ஆகாத காரியம் ஒரு தகரப் பலகையால் ஆகுமா? பலகை தொங்கிக்கொண்டே இருந்தது, அதன் அடியில் பேச்சும் நடந்துகொண்டே இருந்தது.

டீ தமிழ்நாட்டின் பழைய பானம் அல்ல. நூறாண்டுகளுக்கு முன் நீலகிரியிலும் வால்பாறையிலும் இலங்கை மலைகளிலும் தமிழ்க் கூலிகள் பறித்த இலை கப்பலேறிப் போனது. பறித்தவர்களின் ஊரில் அதைக் குடிப்பார் குறைவு. 1930களின் பொருளாதார மந்தத்தில் வெளிநாட்டு விலை விழுந்ததும் தோட்ட முதலாளிகளுக்கு உள்நாட்டு வாய்களின் நினைவு வந்தது. தேயிலைக்கு விதித்த தீர்வைப் பணத்தைக் கொண்டு சந்தைகளிலும் ரயில் நிலையங்களிலும் ஆலை வாசல்களிலும் டீ போட்டுக் காட்டி, இலவசமாகக் குடிக்கக் கொடுத்துப் பழக்கினார்கள். ஏற்கெனவே காப்பி நடுத்தர வர்க்கத்தின், குறிப்பாகப் பிராமண வீடுகளின், அடையாளமாகிவிட்டிருந்தது. டீ உழைப்பாளிகளின் பானமாக அமைந்தது. இந்தப் பிரிவை ஆ. இரா. வேங்கடாசலபதி தம் ஆய்வில் விரிவாகக் காட்டியிருக்கிறார். பானம் மட்டுமா பிரிந்தது, இடமும் பிரிந்தது. காப்பி ஓட்டலுக்குக் கதவும் சுவரும் உண்டு, பெயர்ப்பலகையில் சாதியும் உண்டு. சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே என்ற ஓட்டலின் பலகையிலிருந்து ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியாரின் தொண்டர்கள் 1957இல் மாதக்கணக்கில் மறியல் செய்து சிறை போனது அந்தக் கதவைத் தட்டியதுதான். டீக்கடைக்கோ கதவே கிடையாது. தெருவோரத்தில் ஒரு பாய்லர், மேலே ஓலையோ தகரமோ, எதிரே பலகை அடித்த பெஞ்சு. முதலீடு குறைவு, அதனால் முக்குக்கு முக்குக் கடை. கோயம்புத்தூர் ஆலைத் தொழிலாளி ஷிப்ட் முடிந்தும், வண்டிக்காரர் பாரம் இறக்கியும், விவசாயி விடிவதற்கு முன்பும் வந்து உட்கார்ந்தார்கள். குறைந்த காசில் பசியைக் கொஞ்ச நேரம் ஒத்திப்போட்ட பானம், அந்நியர்கள் தோளோடு தோள் உட்காரும் இடத்தையும் கூடவே கொடுத்தது.

உட்கார இடம் கிடைத்தால் மட்டும் போதாது, பேசப் பொருள் வேண்டும். 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது மாநிலத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான். 1942 வரை வந்த நாளிதழ்கள் பெரும்பாலும் படித்தவர்களுக்காகப் படித்தவர்கள் எழுதியவை. லண்டனில் சட்டம் படித்து, சிங்கப்பூரில் வழக்கறிஞராக இருந்துவிட்டுத் திரும்பிய சி. பா. ஆதித்தனார் 1942இல் மதுரையிலிருந்து ‘தினத்தந்தி’யைத் தொடங்கியபோது அந்தக் கணக்கை மாற்றினார். சின்னச் சின்ன வாக்கியம், பெரிய பெரிய எழுத்து, படம், மக்கள் வாயில் புழங்கும் சொல். எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்காக இப்படி எழுதினார்கள் என்று சொல்வது வழக்கம். அது சரிதான், ஆனால் முழுமையல்ல. எழுத்துக்கூட்டிப் படிப்பவர் வாய்விட்டுத்தான் படிப்பார். வாய்விட்டுப் படித்தால் பக்கத்தில் இருப்பவர் காதிலும் விழும். பேச்சுத்தமிழுக்கு நெருங்கிய செய்தி, கேட்பதற்கே தோதானது. எழுத்தறியாத நால்வருக்கு ஒருவர் படித்துக் காட்டினால் ஐவரும் வாசகர்களே. கடைக்காரருக்கு இது சில டீயின் விலையில் கிடைத்த ஆள்பிடிக்கும் சரக்கு. பத்திரிகைக்கு இது ஒரு பிரதியை விற்று ஒரு தெருவையே பிடிக்கும் வழி. கடை வாசலில் தட்டியில் தொங்கிய அன்றைய தலைப்புச் செய்திப் போஸ்டர் இருவருக்கும் சேர்த்து விளம்பரம். அபிப்பிராயத்துக்குத் தமிழ்நாட்டில் ஒரு புரவலர் இருந்தார் என்றால், அவர் ஜமீன்தாரோ பல்கலைக்கழகமோ அல்ல, டீ மாஸ்டருக்குக் கூலி கொடுத்துக்கொண்டு பேப்பருக்கும் மாதச் சந்தா கட்டிய கடைக்காரர்தான்.

அந்தப் பேப்பர் பெஞ்சில் என்ன பாடுபட்டது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்தால் விஷயம் இன்னும் விளங்கும். கட்டு வந்து விழுந்ததும் முதலில் எடுப்பவர் அதை முழுசாக வைத்துக்கொள்ள முடியாது. தாள் தாளாக உருவிவிடுவார்கள். முதல் பக்கம் பெரியவர் கையில், உள்ளூர்ச் செய்தி லாரி டிரைவர் கையில், சினிமா விளம்பரம் இளவட்டங்கள் கையில், விளையாட்டுப் பக்கம் கல்லாவுக்குப் பக்கத்தில். முதல் பக்கத்துக் கொலைச் செய்தி ‘தொடர்ச்சி உள்ளே’ என்று முடியும். அந்த உள்பக்கம் வேறொருவரிடம் இருக்கும். “அப்புறம் என்ன ஆச்சுண்ணே?” என்று கேட்டுத்தான் ஆகவேண்டும். அவர் படித்துச் சொல்வார், சொல்லும்போதே “இவனெல்லாம் தப்பிச்சிருவான் பாருங்க” என்று தன் தீர்ப்பையும் சேர்ப்பார், உடனே எதிர்த் தீர்ப்பும் வரும். வீட்டில் தனியாக ஒருவர் முழுப் பேப்பரைப் படித்தால் அவருக்குப் பேசவேண்டிய அவசியம் இல்லை. பெஞ்சில் ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டுதான் இருந்தது. எல்லாத் துண்டும் சேரவேண்டுமென்றால் எல்லோரும் வாய் திறந்தாக வேண்டும். பேசும் பழக்கத்தை உண்டாக்கியது பேச்சாசை மட்டுமல்ல, பற்றாக்குறையும்தான். 1960இல் தொடங்கி இருபதாயிரம் நாட்களைத் தாண்டியும் முடியாத ‘கன்னித்தீவு’ படக்கதைக்கும் இதே வரவேற்பு. சில கட்டங்களில் சிந்துபாத் ஓரடி நகர்வார், அடுத்த அடியைப் பற்றிப் பெஞ்சு ஊகம் செய்யும். இழுத்துக்கொண்டே போகும் வழக்கையும் கல்யாணப் பேச்சையும் கன்னித்தீவு என்று சொல்லும் பேச்சுவழக்கு ஒரு படக்கதையின் ஆயுளைக் காட்டுவதைவிட, அது எத்தனை வாய்களில் புழங்கியது என்பதையே அதிகம் காட்டுகிறது.

சலூன் இந்த ஏற்பாட்டின் இன்னொரு கிளை. டீக்கடையில் பேசிக்கொண்டே இருந்தால் கடைக்காரருக்கு நஷ்டம். சலூனிலோ காத்திருப்பவரைப் பிடித்துவைப்பதே தொழில். முறை வருவதற்குள் அவர் எழுந்து அடுத்த கடைக்குப் போய்விடக் கூடாது. அதனால் அங்கே நாளிதழோடு வார இதழ்களும் கட்சிப் பத்திரிகைகளும் சேர்ந்தன. சாதி அடுக்கில் கீழே தள்ளப்பட்டிருந்த முடிதிருத்தும் தொழிலாளர்களிடையே திராவிட இயக்கத்துக்கு ஈர்ப்பு இருந்ததில் வியப்பில்லை. அண்ணாவின் ‘திராவிட நாடு’, கருணாநிதியின் ‘முரசொலி’, கண்ணதாசனின் ‘தென்றல்’ போன்றவை இத்தகைய கடைகளிலும், கிளைக் கழகங்கள் நடத்திய படிப்பகங்களிலும் கைமாறின. பொதுவுடைமையாளர்களின் ‘ஜனசக்தி’ ஆலைத் தெருக்களில் அதே வேலையைச் செய்தது. 1972இல் சிவகாசியிலிருந்து ‘முத்து காமிக்ஸ்’ இரும்புக்கை மாயாவியோடு புறப்பட்டது. 1984இல் ‘லயன் காமிக்ஸ்’, ‘ராணி காமிக்ஸ்’ இரண்டும் வந்தன. அட்டை கிழிந்த அந்தப் புத்தகங்கள் வாடகை நூல் நிலையத்திலும் சலூன் பெஞ்சிலும் பல கைகள் பட்டன. பிரிட்டனில் ‘ஸ்டீல் க்ளா’ என்ற பெயரில் வந்த மின்சாரம் பாய்ந்தால் மறையும் மனிதனும், ஜேம்ஸ் பாண்டும் நம்மூர்ப் பையன்களின் வாதங்களில் உள்ளூர்க்காரர்களானார்கள். மாயாவி பெரியவரா பாண்ட் பெரியவரா என்று வாதாடிய பையன் பிற்பாடு எம்.ஜி.ஆரா சிவாஜியா, ரஜினியா கமலா என்று வாதாடினான். அதே தொனியில், அதே கடையில், கலைஞரா எம்.ஜி.ஆரா என்றும் வாதாடினான்.

இங்கேதான் சினிமாவின் உண்மையான பங்கு தெரிகிறது. சினிமா அரசியல் கருத்தைப் புகட்டியது என்பது எல்லோரும் சொல்வது. கருத்துச் சொல்லும் உரிமையைப் பழக்கியது என்பது அதைவிடப் பெரிய செய்தி. சங்கீதத்தைப் பற்றிப் பேச ஞானம் வேண்டும் என்பார்கள், சாஸ்திரத்தைப் பற்றிப் பேசப் பிறப்பே வேண்டும் என்பார்கள். சினிமாவைப் பற்றிப் பேச டிக்கெட் எடுத்திருந்தால் போதும். தரை டிக்கெட்டில் மண்ணைக் குவித்து உட்கார்ந்து பார்த்தவரும் “ரெண்டாவது பாதி இழுவைப்பா” என்று தீர்ப்புச் சொல்லலாம், அதை மறுக்க யாருக்கும் தனி அதிகாரம் கிடையாது. ஒரு நடிகரை எடைபோட்டுப் பழகிய நாக்குக்கு ஒரு மந்திரியை எடைபோடுவது பெரிய காரியமல்ல. நடிகரே அரசியலுக்கு வந்தபோது இரண்டு தராசும் ஒன்றாயின. 1967 ஜனவரி 12ஆம் தேதி எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டதும், கழுத்தில் கட்டோடு எம்.ஜி.ஆர். இருக்கும் படம் தேர்தல் போஸ்டரானதும் சினிமாச் செய்தியா அரசியல் செய்தியா என்று எந்த ஆசிரியராலும் பிரித்துப் பக்கம் போட முடியாது, பெஞ்சும் பிரிக்கவில்லை. 1972 அக்டோபரில் திமுகவில் கணக்குக் கேட்டு எம்.ஜி.ஆர். வெளியேற்றப்பட்டார். கேட்டது சரியா என்ற கேள்வி ஒரு ரசிகச் சண்டையாகவும் ஒரு நிர்வாகக் கேள்வியாகவும் ஒரே நேரத்தில் பேசப்பட்டது. 1973 மே மாதத்தில் திண்டுக்கல் இடைத்தேர்தல் வந்தபோது அவர் தொடங்கிய புதுக்கட்சி வென்றது. புதிதாய்ப் பிறந்த கட்சிக்குச் சில மாதங்களில் கிளை கிளையாக ஆள் கிடைத்தது எப்படி? ரசிகர் மன்றம் ஒரு விடை. அந்த மன்றத்துப் பையன் தினம் உட்கார்ந்து மல்லுக்கட்டிய பெஞ்சு அதற்கு அடித்தளம்.

பேப்பருக்கு அடுத்து வந்தவை காதுக்கும் கண்ணுக்குமான சாதனங்கள், அவையும் முதலில் பொதுச்சொத்தாகவே வந்தன. வானொலிப் பெட்டிக்கு லைசென்ஸ் வேண்டிய காலம் அது. பல ஊர்களில் பஞ்சாயத்து ரேடியோவின் ஒலிபெருக்கிதான் ஊருக்கெல்லாம் செய்தி. 1950களின் தொடக்கத்தில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கியபோது தமிழ்க் காதுகள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பின, மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்கள் கடலுக்கு இந்தப் பக்கம் டீக்கடைகளில் வீட்டுக் குரல்களாயின. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது. வீட்டுக்கு வீடு பெட்டி இல்லாத அடுத்த பத்து, பதினைந்து ஆண்டுகள் பார்ப்பதும் கூட்டமாகவே நடந்தது. 1983இல் கபில்தேவ் அணி கோப்பையை வென்ற பிறகு கிரிக்கெட் பேசாத கடை இல்லை. 1986இல் மெக்சிகோ உலகக் கோப்பையைத் தூர்தர்ஷன் ஒளிபரப்பியதும், கால்பந்தைத் தொட்டறியாத ஊர்களில்கூட மரடோனா கையால் போட்ட கோல் நியாயமா என்று வழக்காடினார்கள். தலைமுறை தலைமுறையாகக் கால்பந்து ஆடிவந்த வடசென்னை வியாசர்பாடி போன்ற இடங்களில் அந்தப் பேச்சு நுணுக்கமாக இருந்திருக்கும். மற்ற இடங்களில் மேம்போக்காக இருந்திருக்கும். இரண்டும் ஒரே உரிமையில் பேசப்பட்டன என்பதுதான் பெஞ்சின் விதி. தெரிந்தவர் பேசலாம், தெரியாதவரும் பேசலாம். தெரியாதவர் மாட்டிக்கொண்டால் ஊரே சிரிக்கும். தண்டனை அவ்வளவுதான், ஆனால் அடுத்த நாளும் அதே முகங்களைப் பார்க்கவேண்டியவருக்கு அது சின்னத் தண்டனை அல்ல.

இந்த வாதத்துக்கு வரக்கூடிய முதல் மறுப்பு இது: பெஞ்சில் பேசப்பட்டது அவரவர் அபிப்பிராயம்தானா, கட்சிப் பத்திரிகையும் மேடையும் சொல்லிக்கொடுத்ததைக் கிளிப்பிள்ளையாக ஒப்பித்தார்கள், அவ்வளவுதானே? ஒப்பித்தவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கிளிப்பிள்ளைகள் மட்டுமே இருந்திருந்தால் தேர்தல் முடிவுகள் ஆண்டுக்காண்டு அசையாமல் இருந்திருக்க வேண்டும். 1967இல் இருபதாண்டு ஆண்ட காங்கிரஸ் கவிழ்ந்தது. விருதுநகரில் காமராஜரே ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். பத்தாண்டுகளில் ஆட்சி மறுபடி கைமாறியது. 1989, 1991, 1996 என்று பிறகும் மாறிக்கொண்டே வந்தது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று திமுக சொன்னதை மேடைக்குக் கீழே நின்று கேட்டவர், அரிசி விலை தெரிந்த நான்கு பேருக்கு நடுவில் மறுநாள் அதைச் சொல்லிப் பார்த்தாக வேண்டும். கொடுத்ததா இல்லையா என்று பிற்பாடு அதே நால்வர் கேட்பார்கள். பெஞ்சுதான் ஆட்சியை மாற்றியது என்று சொன்னால் அது மிகை. விலைவாசி, மொழிப் போராட்டம், கூட்டணி என்று காரணங்கள் பல. கட்சி சொன்னதைக் கட்சிக்காரர் அல்லாதவர் முன்னால் வைத்து உரசிப் பார்க்கும் தினசரி இடம் அது ஒன்றுதான் என்பது மிகையல்ல. பத்திரிகைகளுக்கும் இது தெரிந்திருந்தது. ‘தினமலர்’ தன் அரசியல் கிசுகிசுப் பகுதிக்கு ‘டீ கடை பெஞ்ச்’ என்றே பெயர் வைத்து, சிலர் உட்கார்ந்து பேசிக்கொள்ளும் பாணியிலேயே எழுதியது. பத்திரிகை பெஞ்சுக்குச் செய்தி கொடுத்தது. பெஞ்சு பத்திரிகைக்கு நடையைக் கொடுத்தது.

இரண்டாவது மறுப்பு கனமானது, அதைத் தாண்டிப் போகக் கூடாது. தோளோடு தோள் என்று சொல்வது யாருடைய தோளை? பல கிராமங்களில் தலித்துகளுக்குத் தனிக் குவளை. கடைக்குப் பின்புறமோ கூரை ஓரத்திலோ அது தொங்கும். குடிப்பவரே எடுத்து, குடித்து, கழுவி, மாட்டிவிட்டுப் போக வேண்டும். பெஞ்சில் உட்கார முடியாது, நின்றோ தரையில் குந்தியோ குடிக்க வேண்டும். 1955ஆம் ஆண்டிலேயே தீண்டாமைக் குற்றங்களுக்கான சட்டம் வந்தும், 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தும், இரட்டைக் குவளைக்கு எதிரான போராட்டங்கள் இந்த நூற்றாண்டிலும் நடக்கவேண்டியிருந்தது. பெண்களைப் பற்றியோ சொல்லவே வேண்டாம். டீக்கடை பெஞ்சில் பெண் உட்கார்ந்து பேப்பர் படிப்பது சாதாரணக் காட்சியாக எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. எம்.ஜி.ஆரின் வாக்குவங்கியே பெண்கள்தான் என்று பேசிய அதே பெஞ்சில் அந்தப் பெண்களுக்கு இடமில்லை. அவர்களின் அரசியல் பேச்சு குழாயடியிலும் வயல் வரப்பிலும் நடந்தது, அதை யாரும் அரசியல் என்று எண்ணவில்லை. இவையெல்லாம் பெஞ்சைச் சமத்துவத்தின் சின்னமாகப் புகழ்வதை முறியடிக்கின்றன. அப்படிப் புகழ்வது இங்கே நோக்கமும் அல்ல. இந்தப் பேச்சுக்கு மதிப்பு இருந்தது என்ற வாதத்தை இவை பலப்படுத்தவே செய்கின்றன. வெறும் வெட்டிப்பேச்சாக இருந்திருந்தால் அந்தப் பெஞ்சை இவ்வளவு கறாராகக் காவல் காத்திருக்க மாட்டார்கள். குவளையை மறைத்துக் கொடுத்தவர்கள் செய்தியை மறைக்கவில்லை. வெளியே நின்றவர் காதிலும் அது விழுந்தது. விழுந்ததற்குப் பதில் சொல்லும் இடம்தான் அவருக்கு மறுக்கப்பட்டது. ஆகவே ஒரே குவளைக்கான போராட்டத்தின் உள்ளே உட்கார்ந்து கருத்துச் சொல்வதற்கான போராட்டமும் இருந்தது. உட்காரும் உரிமை இல்லாமல் பேசும் உரிமை இல்லை என்பதைப் பெஞ்சுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களே மற்றவர்களைவிட நன்றாக அறிந்திருந்தார்கள்.

மூன்றாவது மறுப்பு இன்றைய நிலையிலிருந்து வருவது. இதெல்லாம் போனால் என்ன, இப்போது கைப்பேசியில் ஆளுக்காள் கருத்துச் சொல்கிறார்களே, பெஞ்சைவிட இது பெரிய பெஞ்சுதானே? அளவில் பெரியதுதான், மறுப்பதற்கில்லை. பெண்களும் தலித்துகளும் யாரையும் கேட்காமல் பேச முடிகிற இடம் என்ற வகையில் அது நல்லதும்கூட. ஆனால் மாறியிருப்பது ஏற்பாட்டின் அடிப்படை. 1993இல் சன் டிவி வந்து, 2006க்குப் பிறகு அரசே இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்து, ஒவ்வொரு வீடும் தனித்தனியே முழுப் பேப்பர் வைத்திருப்பது போன்ற நிலை வந்தது. துண்டு துண்டாகப் பிரித்துப் படித்தபோது பேசியாகவேண்டிய அவசியம் இருந்தது, அது நீங்கியது. கடைக்காரரின் கணக்கும் மாறியது. நகரங்களில் வாடகை ஏறி, சாலை அகலமாகி, பெஞ்சு போட்ட நடைபாதை போனது. நின்று குடித்துவிட்டு நகரும் வாடிக்கையாளரே லாபம் என்றானது. 2020 ஊரடங்கு தளர்ந்தபோது டீக்கடைகளில் பார்சலுக்கு மட்டும் அனுமதி தந்தார்கள். நோய்க்காக வந்த விதி ஏற்கெனவே பாதி நடந்திருந்த காரியத்தை முடித்துவைத்தது. பெஞ்சில் பேசியவருக்குப் பக்கத்தில் உட்காரப்போவது யார் என்று தேர்ந்தெடுக்க முடியாது. மாற்றுக்கட்சிக்காரர் வந்து உட்காருவார், பொய் சொன்னால் அங்கேயே பிடிப்பார், மறுநாளும் வருவார். கைப்பேசி விருப்பமானவர்களைப் பொறுக்கித் தருகிறது, பிடிக்காதவரை ஒரு தட்டில் அனுப்பிவிடலாம். கருத்துச் சொல்லும் செலவு குறைந்திருக்கிறது, சொன்னதற்குப் பொறுப்பேற்கும் செலவும் கூடவே குறைந்துவிட்டது.

இந்த ஒப்பீட்டைப் பழம்பெருமைக்காகச் செய்ய வேண்டியதில்லை. வரலாற்றை எழுதும் முறைக்காகச் செய்யலாம். மேடைப் பேச்சுகள் தொகுதி தொகுதியாக அச்சாகியிருக்கின்றன, திரை வசனங்கள் புத்தகமாகவும் இசைத்தட்டாகவும் விற்றன, கட்சி ஏடுகளின் பழைய பிரதிகள் நூலகங்களில் பாதுகாக்கப்படுகின்றன. பேசியவர்களின் வரலாறு நம்மிடம் இருக்கிறது. கேட்டவர்கள் மறுநாள் என்ன சொன்னார்கள் என்பதற்குத் தொகுதி எதுவும் இல்லை, ஏனென்றால் அது யாருடைய படைப்பும் அல்ல. அதைத் தேட வேண்டிய இடங்கள் வேறு: பத்திரிகை ஏஜென்டுகளின் வினியோகக் கணக்கு, எந்தக் கடைக்கு எத்தனை பிரதி போனது என்ற பட்டியல், படிப்பகங்களின் பதிவேடு, டீக்கடைத் தகராறுகளைப் பற்றிய காவல் நிலையக் குறிப்புகள், இரட்டைக் குவளை வழக்குகளின் ஆவணங்கள், இன்னும் உயிரோடு இருக்கும் டீ மாஸ்டர்கள், முடிதிருத்துநர்களின் நினைவுகள். இவற்றைச் சேர்த்தால் தலைவர்கள் மக்களை உருவாக்கினார்கள் என்ற கதைக்குப் பக்கத்தில், மக்கள் தலைவர்களை எப்படி எடைபோட்டார்கள் என்ற கதையையும் எழுத முடியும். அந்தக் கதையில் நாயகர்கள் இருக்க மாட்டார்கள். காலை நான்கு மணிக்குப் பாய்லரைப் பற்றவைத்து, தன் காசில் பேப்பர் வாங்கிப் போட்டு, அரசியல் பேசாதே என்று எழுதியும் வைத்து, பேசியவர்களுக்கு இரண்டாவது டீயும் ஆற்றிக் கொடுத்த கடைக்காரருக்கு அதில் முன்வரிசையில் இடம் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டின் பொதுக்கருத்துக்கு நாள்தோறும் செலவு செய்தவர் அவர்தான்.